பழைய வீட்டு பில்லுக்கு வசூல்காரர் போன் செய்தால்

வாடகை வீட்டைக் காலி செய்து இரண்டு மூன்று வருடம் கழித்து, "அந்த வீட்டு இன்டர்நெட் பாக்கி இருக்கிறது, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கேஸ்" என்று போன் வருவதாகச் சொல்லி நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குச் சிலர் வந்திருக்கிறார்கள். கட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. கட்டுவதற்கு முன் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடனோடு மவுத்தாகிவிடக் கூடாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அச்சம் நல்லதுதான். ஆனால் கேட்டவருக்கெல்லாம் பணத்தைக் கொடுத்துவிடுவது கடனை அடைப்பதாகாது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம், கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. ஆகவே "எழுத்தில் காட்டுங்கள்" என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் மஹல்லாவின் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறோம். கனெக்ஷன் மர்ஹூமான கணவர் பெயரில் இருந்தது. எட்டு மாத பில்லும் தாமதக் கட்டணமும் சேர்த்து 9,140 ரூபாய் என்றார் வசூல் ஏஜென்ட். அவர்கள் வீட்டைக் காலி செய்ததோ முதல் மாதத்திலேயே. மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீது, ரேஷன் கார்டு வைத்திருந்த டப்பாவில் கிடைத்தது. ஏஜென்டிடம் வாதாடாமல், கம்பெனியின் புகார் பிரிவுக்கே கடிதம் எழுதினோம். எந்த முகவரி, எந்தெந்த மாதம், கனெக்ஷன் எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, டெபாசிட் எங்கே கழிக்கப்பட்டது, இந்த ஏஜென்டுக்கு நீங்கள் அதிகாரம் கொடுத்த கடிதம் எது என்று கேட்டோம். "இந்தத் தொகையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, விவரம் கேட்கிறோம், அவ்வளவே" என்ற வரியையும் சேர்த்தோம். கடைசியில் நின்றது ஒரு மாத பில், 1,061 ரூபாய். அது உண்மையாகவே பயன்படுத்தியது. சகோதரி அதைக் கம்பெனிக்கே நேராகக் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கிக்கொண்டார்.

"ஒப்புக்கொள்ளவில்லை" என்ற அந்த வரி ஏன் என்று பலர் கேட்கிறார்கள். 1963ஆம் வருட காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். "ஐந்நூறு ரூபாய் மட்டும் போடுங்கள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் தாராளமாகப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். காலம் கடந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும்.

இதை ஒரு தந்திரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் போனால் கோர்ட்டு வழி அடைபடுமே தவிர, உண்மையாகவே கொடுக்க வேண்டியதாக இருந்தால் அந்த ஹக் நம்மேல் இருக்கத்தான் செய்யும். எது நம் பாக்கி, எது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

மவுத்தானவர் பெயரில் பாக்கி என்றால், வாரிசுகள் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. மனைவியோ பிள்ளையோ தங்கள் சம்பாத்தியத்திலிருந்து கட்டியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாகப்பிரிவினைக்கு முன் கடனை அடைப்பது ஷரீஅத்தின் வரிசை என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் கடன் என்று முதலில் நிரூபணமாக வேண்டும்.

போலீஸ் வரும் என்று மிரட்டுவார்கள். பில் பாக்கி சிவில் விஷயம். அதற்காகக் கைது கிடையாது. மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தாலும் பதற வேண்டாம். அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது, ஆகவே படிக்காமல் போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கம்பெனி புகாரைக் கவனிக்காவிட்டால் அதனிடமே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தொலைத்தொடர்புக் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்; இந்த அளவுத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது. இந்தப் பாக்கி சிபில் போன்ற கடன் அறிக்கைகளில் ஏறிவிடலாம். பிறகு மகனின் படிப்புக்கோ வேறெதற்கோ பேங்க்குக்குப் போகும்போதுதான் தெரியவரும். வருடத்துக்கு ஒரு முறை அந்த அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். தவறு இருந்தால் ஆட்சேபம் பதியுங்கள், 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி.

ஈபி விஷயம் வேறு. கனெக்ஷன் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் மின்வாரியம் அவரைத்தான் கேட்கும். அவர் உங்களைக் கேட்பார். காலி செய்யும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து, அந்த அளவை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பேச்சே இல்லை. "இன்றிரவு கரண்ட் கட்" என்று எஸ்.எம்.எஸ். வந்து ஏதோ ஒரு செல் நம்பருக்கு அழைக்கச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குச் சொல்லுங்கள்.

கடிதம் எழுத உதவி தேவைப்படுவோர் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பழைய வாடகை ஒப்பந்தம், கடைசி பில், மோடம் ரசீது, ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ்கள், இவற்றில் எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.