பக்கத்தைக் கிழிக்காதீர்: நிரலில் பதிந்த தவற்றைத் திருத்தும் முறை

இறுதியாண்டுத் திட்டப்பணியைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டே நாள். நான்கு மாணவர்கள் சேர்ந்து எழுதிய நிரல் நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை. நேற்றிரவு ஒருவர் சேர்த்த மாற்றமே காரணம். பதற்றத்தில் அவர் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட கட்டளையைத் தட்டுகிறார். தவறு போய்விட்டது. கூடவே அன்று முழுவதும் செய்த வேலையும் போய்விட்டது.

கணினித் துறையில் பயிலும் நம் பிள்ளைகள் யாருக்கும் இது நேரலாம். சரியான முறை தெரிந்திருந்தால் தவிர்த்துவிடலாம்.

இன்று பெரும்பாலான நிரலாளர்கள் பயன்படுத்துவது ‘கிட்’ என்ற மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதை எழுதினார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை இது வரிசையாகப் பதிந்து வைக்கும். அப்படிப்பட்ட ஒரு பதிவுக்குக் ‘கமிட்’ என்று பெயர்.

ஆலயக் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 300 வெள்ளி நன்கொடையைப் பொருளாளர் தவறி இருமுறை எழுதிவிட்டார். அவர் பக்கத்தைக் கிழிப்பதில்லை. கிழித்தால் அதே பக்கத்தில் உள்ள மற்றவர் கணக்கும் போய்விடும், சந்தேகமும் எழும். மாறாக, ‘தவறாகப் பதிந்த 300 வெள்ளி கழிக்கப்படுகிறது’ என்று புதிதாக ஒரு வரி எழுதுவார்.

‘கிட் ரிவர்ட்’ செய்வதும் இதுவே. ‘கிட் லாக்’ மூலம் தவறான கமிட்டின் குறியீட்டைக் கண்டறிந்து ரிவர்ட் கொடுத்தால், அந்த மாற்றத்துக்கு நேர் எதிரான புதிய கமிட் ஒன்று சேரும். பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். நண்பர்களின் வேலைக்கும் பாதிப்பில்லை. அதே வரிகளைப் பின்னர் வேறொருவர் மாற்றியிருந்தால் மட்டும் கிட் பாதியில் நின்று, எது வேண்டும் என்று கேட்கும். அப்போது அவருடன் பேசி முடிவெடுங்கள்.

‘கிட் ரீசெட்’ வேறு வகை. அது வரலாற்றையே பின்னுக்கு இழுக்கும். ‘சாஃப்ட்’ என்று சேர்த்தால் பதிவு மட்டும் நீங்கும், எழுதியது கோப்பில் இருக்கும். ‘ஹார்ட்’ என்று சேர்த்தால் கோப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும். மேலே சொன்ன மாணவர் தட்டியது இதைத்தான்.

உங்கள் கணினியை விட்டு இன்னும் வெளியே போகாத கமிட்டுக்கு ரீசெட் பயன்படுத்தலாம். குழுவுடன் பகிர்ந்துவிட்ட கமிட்டுக்கு ரிவர்ட்டே பாதுகாப்பு. பகிர்ந்ததை ரீசெட் செய்து, ‘ஃபோர்ஸ்’ கொடுத்து வலுக்கட்டாயமாக அனுப்பினால், இடையில் மற்றவர் சேர்த்த வேலை பொதுக் கிளையிலிருந்து நீங்கிவிடும்.

தவறிப்போய் ஹார்ட் கொடுத்துவிட்டீர்களா? உடனே வேறு எதையும் செய்யாமல் ‘கிட் ரீஃப்ளாக்’ என்று தட்டுங்கள். கைவிடப்பட்ட கமிட்டுகளின் தடம் வழக்கமாக 30 நாள் வரை உங்கள் கணினியில் இருக்கும், அங்கிருந்து மீட்கலாம். ஆனால் கமிட் செய்யாத வேலையை ரீஃப்ளாக் மீட்டுத் தராது. ஆகவே, எதையும் பின்வாங்கும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்து, கையில் உள்ள வேலையைத் தனிக் கிளையில் பதிந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல்லைத் தவறுதலாகப் பதிந்து பகிர்ந்துவிட்டால் ரிவர்ட் போதாது. பழைய பதிவைத் திறந்து பார்க்கும் எவரும் அதைப் படிக்கலாம். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றது பிறகு.

எந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பும் குழு நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தவறு செய்ததற்காக வெட்கப்பட்டு, இரவோடு இரவாக ஒளித்து அழிக்கப் போகும்போதுதான் பெரும்பாலும் நான்கு பேரின் உழைப்பும் சேர்ந்து போகிறது.