வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்: தொட்டியில் புதர் மிளகுக்கு நீர் பாய்ச்சும் முறை

மாடியிலும் வீட்டு முற்றத்திலும் வளர்க்க ஏற்ற புதர் மிளகுக் கன்றுகளைப் பல நாற்றுப் பண்ணைகளில் விற்கிறார்கள். வாங்கிச் சென்றவர்கள் சில மாதங்களில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், ஆனாலும் செடி வாடிப் போய்விட்டது" என்பார்கள். அந்தத் தினசரித் தண்ணீரே செடியைக் கொன்றிருக்கலாம்.

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக் கொடி. நிழலும் ஈரக் காற்றும் மட்கு நிறைந்த மண்ணும் அதற்குப் பிடிக்கும். ஆனால் மலையில் பெய்யும் மழை சரிவில் வடிந்துவிடும். வேரைச் சுற்றி ஈரம் இருக்கும், தேங்கிய நீர் இருக்காது. கொடியின் காய்க்கும் பக்கக் கிளைகளை வேர் பிடிக்க வைத்து உருவாக்கும் புதர் மிளகுக்கும் இதே தேவைதான்.

தொட்டியின் அடியில் நிற்கும் நீர்

வயலில் ஊற்றும் நீர் கீழே உள்ள மண்ணுக்கு இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் அதற்கு வழியில்லை. துளை வழியாக வடிந்தது போக, அடியில் சில அங்குல உயரத்துக்கு மண் நீர் கோத்தே நிற்கும். நனைத்த பஞ்சை படுக்கையாகப் பிடித்தால் நீர் நிற்கும், செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் சொட்டும். தொட்டி உயரமாக இருந்தால் நல்ல வடிகால் கிடைப்பது இதனால்தான்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் நீர் தங்குகிறது. வேருக்கான இடம் குறைவதுதான் மிச்சம். துளைகளை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும். மண் கலவையே பொலபொலப்பாக இருக்க வேண்டும். 2 பங்கு மண், 1 பங்கு மணல், 1 பங்கு மட்கிய தொழு உரம் என்ற கலவை மிளகுக்கு ஏற்றது. தென்னை நார்க் கழிவு கலந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் மேற்பரப்பு காய்ந்து வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிறைந்திருக்கும்.

இரண்டு வகை வாட்டம்

நீர் இல்லாமல் வாடும் செடியும், நீர் மிகுந்து வேர் அழுகி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வேர் அழுகினால் சுற்றிலும் நீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. அப்போது மேலும் ஊற்றினால் அழுகல் முற்றும்.

வேறுபாட்டைத் தொட்டியே சொல்லிவிடும். தாகத்தால் வாடிய செடியின் தொட்டி இலேசாக இருக்கும். நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் இலைகள் நிமிரும். அழுகலால் வாடிய செடியின் தொட்டி கனமாக இருக்கும். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும். வேர் வெண்மை மாறிப் பழுப்பாகி, மண்ணில் கெட்ட வாடை அடிக்கும். எனவே வாளியைத் தூக்குவதற்கு முன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

மிளகின் பெரிய எதிரியான விரைவு வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா கிருமியும் நீரை நம்பித்தான் வாழ்கிறது. அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைப் பிடிக்கும். ஒரு தொட்டியில் இருந்து வழிந்த நீர் பக்கத்துத் தொட்டிகளுக்கும் நோயைக் கொண்டு போகும். நோயால் செத்த செடியின் மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.

எப்போது, எவ்வளவு?

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" போன்ற கணக்கு எல்லாத் தொட்டிக்கும் பொருந்தாது. மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், பிளாஸ்டிக் தொட்டியில் ஆகாது. ஆகவே நாள் கணக்கை விட்டு மண்ணைப் பாருங்கள். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். குளிர்ச்சியும் ஈரமும் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். ஈரம் குறைந்து மண் உதிர்ந்தால் ஊற்றுங்கள். மிளகு வறட்சியைத் தாங்காது என்பதால் தொட்டி முழுவதும் காயும் வரை விடவும் கூடாது.

ஊற்றும்போது தொட்டி முழுவதும் நனையும்படி, அடித்துளையில் நீர் வரும் வரை பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், சில இடங்களில் உப்பும் படியும். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் இலை நுனி கருகினால், கிடைக்கும்போது மழைநீரை நிறைய ஊற்றி வடியவிடுங்கள்.

முழுக்கக் காய்ந்த தொட்டியில் மண் சுருங்கிச் சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியே ஓடிவிடும், வேர் நனையாது. அப்படிப்பட்ட தொட்டியை அகன்ற நீர்த் தொட்டிக்குள் 20 முதல் 30 நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிட வேண்டும்.

ஒட்டுக்கன்றுக்குத் தனிக் கணக்கு

பிரேசில் திப்பிலி என்று வழங்கும் பைப்பர் கொலுப்ரினம் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய புதர் மிளகும் கிடைக்கிறது. சதுப்பான இடங்களில் வளரும் இந்த வேர்ச்செடி நீர்த் தேக்கத்தையும் பைட்டோப்தோராவையும் தாங்கும். ஆனால் வறட்சியைத் தாங்காது. சொந்த வேரில் வளரும் கன்றுக்கு அதிக நீர் ஆபத்து என்றால், ஒட்டுக்கன்றுக்குக் கோடையில் நீர் விட்டுப்போவது ஆபத்து. எந்த வகைக் கன்று என்று வாங்கும்போதே கேட்டு, தொட்டியில் குறித்து வையுங்கள். இரண்டையும் ஒரே நீர்க்குழாயில் இணைக்க வேண்டாம்.

சொட்டுநீர் அமைத்தவர்களுக்கு

மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் 15 நிமிடத்தில் 1 லிட்டர் கொடுக்கும். முதலில் லிட்டர் குவளையால் ஊற்றி, எத்தனை லிட்டரில் அடித்துளையில் நீர் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ப நேரத்தை வையுங்கள். பொலபொலப்பான கலவையில் ஒரே இடத்தில் சொட்டும் நீர் பக்கவாட்டில் பரவாது. ஒரு 4 லிட்டர் சொட்டுவானுக்குப் பதிலாக இரண்டு 2 லிட்டர் சொட்டுவான்களை எதிரெதிரே வைப்பது நல்லது.

இலைக்கு ஈரம், வேருக்குக் காற்று

சரம் விடும் காலத்தில் காலை வேளையில் செடியின் மேல் நீரைப் புகைபோல் தெளித்தால், துளிகள் மகரந்தத்தைச் சரத்தில் பரப்பிக் காய் பிடிக்க உதவும். மாலைக்குள் இலை உலர்ந்துவிட வேண்டும். கோடையில் நிழல்வலைக்கு அடியில் தொட்டிகளை நெருக்கி வைத்தால் சுற்றிலும் காற்று ஈரமாக இருக்கும். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் சுடுநீரைச் செடிக்கு விடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தட்டுகளை எடுத்துவிட்டு, தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேர் துளையை அடைத்திருந்தால் குச்சியால் திறந்துவிடுங்கள். மழை நாட்களில் ஊற்றவே தேவையிருக்காது.

செயல்விளக்கம் நடத்தும் விரிவாக்கப் பணியாளர்கள், நேற்று நீர் ஊற்றிய தொட்டி ஒன்றையும் ஊற்ற வேண்டிய தொட்டி ஒன்றையும் விவசாயிகள் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்லலாம். அந்த எடை வேறுபாடு கைக்குப் பழகிவிட்டால், அடுத்த முறை செடி வாடும்போது ஊற்றுவதா நிறுத்துவதா என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.