ஒளியும் இருளும்

ஒளியைத் தெய்வத்தின் அடையாளமாகப் போற்றாத சமயம் உலகில் அரிது. கிறிஸ்தவ சமயமும் இதற்கு விலக்கன்று. ஆயினும், அச்சமயத்தில் இருள் என்னும் சொல்லுக்குரிய பொருளைப் பலர் தவறாகவே கொண்டு வந்திருக்கின்றனர். தாம் ஒளியில் இருப்பதாகவும், பிறர் இருளில் கிடப்பதாகவும் கருதுவதே பக்தி என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உண்டு. கிறிஸ்தவ வேதமே இக்கருத்தை மறுக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆதியாகமத்தின்படி, ஒளி படைக்கப்பட்டது முதல் நாளில். சூரிய சந்திரர்கள் படைக்கப்பட்டதோ நான்காம் நாளில். ஆகவே, வேதம் பேசும் ஒளி சூரியனுக்கும் முந்தியது. எந்த நாட்டாருக்கும் எந்தக் குலத்தாருக்கும் உரிமைப் பொருளாகாதது. யோவான் எழுதிய சுவிசேஷம் இத்தத்துவத்தை மனிதர் வாழ்க்கையில் வைத்து விளக்குகிறது. அதில் நிக்கொதேமு என்னும் யூத போதகர் இரவில் இயேசுவை நாடி வருகிறார். யூதாஸ் என்னும் சீடனோ, குருவோடு உண்ட பந்தியை விட்டு இரவுக்குள் வெளியேறுகிறான். ஒருவர் இருளிலிருந்து ஒளியை நோக்கி வந்தார். மற்றவன் ஒளியின் அருகிலேயே இருந்து இருளிற் புகுந்தான். சமயச் சின்னம் அணிந்திருப்பதனாலோ, குருவின் அருகில் அமர்ந்திருப்பதனாலோ ஒருவன் ஒளிக்குரியவன் ஆகிவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அதே நூலின் ஒன்பதாம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெறுகிறான். கற்றறிந்த பரிசேயர்களோ அவனை நிந்தித்துத் துரத்துகின்றனர். தாங்களும் குருடரோ என்று அவர்கள் வினவியபோது, காண்கிறோம் என்று சாதிப்பதனாலேயே அவர்கள் குற்றம் நிலைத்திருக்கிறதென இயேசு விடையளிக்கிறார். அறியாமை இருளே, ஆனால், தன் அறியாமையை உணராத அகந்தை அதனினும் கொடிய இருள்.

இந்தப் பாடம் மறக்கப்பட்டதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் பல. ஒன்றை மட்டும் கூறுவோம். 1819-ஆம் ஆண்டில் ரெஜினால்டு ஹீபர் என்னும் ஆங்கிலப் பாதிரியார், மிஷன் ஊழியத்திற்குப் பொருள் திரட்டும் ஆராதனைக்கென ஒரு கீதம் இயற்றினார். கிரீன்லாந்து முதல் இந்தியா, இலங்கை வரை வாழும் மக்கள் அறியாமையில் குருடராய்க் கிடப்பதாக அது வருணித்தது. அப்போது அவர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. நான்கு ஆண்டுகள் சென்றபின் கல்கத்தா பிஷப்பாக இங்கு வந்தார். 1826-இல் தஞ்சையில் ஈஸ்டர் திருநாளைக் கொண்டாடினார். சில தினங்களில், ஏப்ரல் 3-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியில் காலமானார். அவர் நல்லெண்ணம் படைத்தவரே. எனினும், அவருடைய கீதம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் தேவாலயங்களில் முழங்கிற்று. 1925-இல் கல்கத்தாவில் மிஷனரிமார் கூட்டத்தில் பேசிய காந்தியடிகள், அக்கீதம் தம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்ததென வெளிப்படையாகவே கூறினார்.

அதே காந்தியடிகள் மற்றொரு கிறிஸ்தவ கீதத்தைத் தம் ஆசிரமப் பிரார்த்தனையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் ஒளியைப் பற்றியதே. 1833-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜான் ஹென்றி நியூமன் அதை இயற்றினார். சிசிலித் தீவில் கடுஞ்சுரத்தால் மரணவாசல் வரை சென்று மீண்டவர் அவர். தாயகம் திரும்ப வேண்டுமென்று துடித்தவர் ஏறிய பாய்க்கப்பல், கார்ஸிகாவுக்கும் ஸார்டீனியாவுக்கும் இடைப்பட்ட ஜலசந்தியில் காற்றின்றி ஒரு வாரம் அசையாது நின்றது. அந்நிலையில் அவர் பாடியது, தம்மைச் சூழ்ந்த இருளைப் பற்றி. வேண்டியது, ஓரடி எடுத்து வைப்பதற்குப் போதுமான வெளிச்சம். நரசிங்கராவ் திவேட்டியா அதைக் குஜராத்தியில் 'பிரேமள ஜோதி' எனப் பாடித் தந்தார்.

இரண்டு கீதங்களையும் இயற்றியவர்கள் ஒரே திருச்சபையின் குருமார். ஒன்று இருளைக் கடலுக்கு அப்பால் வைத்தது. மற்றொன்று அதைத் தன் நெஞ்சிலேயே கண்டது. முன்னது நம்மவரைப் புண்படுத்திற்று. பின்னது ஒரு ஹிந்துவின் அன்றாட வேண்டுதலாயிற்று. பின்னதே சுவிசேஷத்தின் குரலுக்கு நெருங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இருள் என்பது பாவத்தையே குறிக்கும் என்று எண்ணிவிடுவதும் பிழை. கடவுள் இருந்த கார்இருளை மோசே அணுகினார் என்று யாத்திராகமம் கூறுகிறது. ஸ்பெயின் தேசத்துச் சிலுவையின் அருளப்பரை அவருடைய சபைச் சகோதரர்களே 1577-இன் இறுதியில் தொலேதோ நகரில் ஒரு சிற்றறையில் அடைத்து வைத்தனர். எட்டு மாதங்களுக்குப் பின் அவர் தப்பினார். அவர் எழுதிய நூல்களில், ஆன்மா கடவுளைச் சேரும் வழியே ஓர் இரவாக வருணிக்கப்படுகிறது. தான் பற்றியிருந்தவையெல்லாம் மறைந்துபோகும் அந்த இரவில் ஆன்மா தூய்மையடைகிறது என்பது அவர் துணிபு.

இத்தத்துவத்தைக் கண்ணாற் காண விரும்புவோர், ஈஸ்டருக்கு முந்திய இரவில் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்குச் செல்லலாம். விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருக்கும். வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவர். அவ்வொளியே கைக்குக் கை பரவி ஆலயத்தை நிரப்பும். பல நூற்றாண்டுகளாக இச்சடங்கு சனிக்கிழமை காலையிலேயே நடந்து வந்தது. பகல் வெளிச்சத்தில் ஏற்றிய திரிக்கு என்ன பொருள் இருக்க முடியும்? பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் இரவில் நடத்த அனுமதி அளித்தார். 1956 முதல் அதுவே எங்கும் விதியாயிற்று.

அந்த இருளில் குருவும் நிற்கிறார், குடியானவனும் நிற்கிறான். திரியை ஏந்தும் முன் எவருக்கும் தனி வெளிச்சம் கிடையாது. பிறருக்கு ஒளி வழங்கப் புறப்படுவோர் எச்சமயத்தவராயினும், முதலில் இவ்வாறு இருளில் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும். தன் கையிலுள்ள சுடர் பிறரிடமிருந்து பெற்றது என்பதை மறவாதவனே அதைப் பிறர்க்கு அளிக்கத் தகுந்தவன்.