மூலை சரிந்த மாடம்

இலண்டன் மாநகரின் கீழ்த்திசையில் நியூகாம் என்னும் பகுதி உள்ளது. இரண்டாம் உலகப் போரில் குண்டுமாரியால் பெரிதும் அழிந்த இடங்களுள் அதுவும் ஒன்று. போர் ஓய்ந்த பின்னரும் எண்ணற்ற குடும்பங்கள் நல்ல வீடின்றி இடர்ப்பட்டன. மாடி உயர உயர அரசின் உதவித்தொகையும் உயரும் என 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்தது. ஆகவே, நகராட்சிகள் வானளாவிய மாடங்களை எழுப்பத் தலைப்பட்டன. அங்ஙனம் எழுந்ததே ரோனன் பாயிண்ட் என்னும் குடியிருப்பு.

அது 22 மாடிகளும் 110 வீடுகளும் கொண்டது. 1966இல் தொடங்கிய வேலை 1968 மார்ச்சுத் திங்களில் முற்றுப்பெற்றது. அம்மாடத்திற்கு எஃகுச் சட்டகம் இல்லை. டென்மார்க்கு நாட்டில் தோன்றிய ஒரு முறைப்படி, ஆலையில் வார்த்த கான்கிரீட்டுப் பாளங்களைப் பாரந்தூக்கியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை சேரும் இடங்களில் சாந்திட்டனர். சுவரை நிலைபெயராது பிடித்திருந்தவை, மேலே அமர்ந்த எடையும் அவ்விணைப்புகளுமே.

1968 மே 16ஆம் நாள் விடியற்காலையில், 18ஆம் மாடியில் வாழ்ந்த பெண்மணி ஒருவர் தேநீர் காய்ச்சத் தீக்குச்சி கிழித்தார். அடுப்புக் குழாயின் பித்தளை மரை முறிந்து, எரிவாயு கசிந்து நிறைந்திருந்ததை அவர் அறியார். வெடித்த வேகத்தில் வெளிச்சுவர் பெயர்ந்து வீழ்ந்தது. தாங்கலிழந்த மேல்மாடிகள் நான்கும் சரிந்தன. அவ்வெடை விழவே கீழ்மாடிகளும் சீட்டுக்கட்டுப் போல் அடுத்தடுத்து இடிந்தன. நால்வர் மாண்டனர், பதினெழுவர் காயமுற்றனர். சரிந்த மூலை கூடங்கள் அமைந்த பக்கம். அவ்வேளையில் பெரும்பாலோர் பள்ளியறையில் துயின்றமையால் உயிர் தப்பினர். தீக்குச்சி கிழித்த பெண்மணியும் பிழைத்தார்!

ஆராய்ந்த குழுவினர், அவ்வெடிப்பு அத்துணைப் பெரிதன்று என்றனர். சிறு சேதம் ஒரு மூலை முழுவதையும் வீழ்த்தியதே குற்றம். ஆதலால், ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்கள் ஓரிடம் சிதைந்தாலும் தொடர்ந்து இடிந்து விழலாகாது என 1970இல் விதி செய்தனர்.

மூலையைத் திரும்பக் கட்டினர், மக்களும் குடியேறினர். ஆனால் ஐயம் அகலவில்லை. 1986இல் மாடத்தை மேலிருந்து மாடி மாடியாகப் பிரித்தபோது, இணைப்புகள் சிலவற்றில் சாந்துக்கு மாறாகப் பழைய செய்தித்தாள் திணித்திருக்கக் கண்டனர்! சொற்கள் சேரும் சந்தியையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எனக்கு, இச்செய்தியைப் படித்தபோது நெஞ்சு நடுங்கிற்று. பாளங்களில் அன்று, அவை கூடும் இடத்திலன்றோ நூற்றுக்கணக்கானோர் உயிர் தங்கியிருந்தது!

அதனோடு நின்ற பிற மாடங்களும் பின்னர் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் இரண்டு மாடி வீடுகள் எழுந்தன.