வயதின் மேல் பழி போடாதீர்கள்

தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 30.2 சதவீதம், பெண்களில் 24.8 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாதவிடாய் நின்றபின் ஆண்-பெண் இடையிலான அந்த இடைவெளியும் சுருங்கிவிடும். 'வயசானா பிரஷர் வரத்தானே செய்யும்' என்பார்கள். அமேசான் காட்டு யானோமாமி மக்களுக்கு வயது கூடினாலும் அழுத்தம் கூடுவதில்லை என்று 1988-இல் இன்டர்சால்ட் ஆய்வு காட்டியது. அவர்கள் உப்பே சேர்ப்பதில்லை.

அவர்கள் உழைத்து மெலிந்த உடம்புக்காரர்கள் என்ற மறுப்பு நியாயம்தான். ஆனால் ஆர்.எஸ்.மங்கலத்தில் மிளகாய்க் காட்டில் நாளெல்லாம் குனிந்து பழம் பறிப்பவரையும் பிரஷர் விடுவதில்லையே! உழைப்பு மட்டும் காக்காது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. முப்பதைத் தாண்டியவர்கள் அரசு மருத்துவமனையில் பிரஷரை அளந்து பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள்.