செய்தி வரிசையும் வாயிற்காவலும்

வன்னி நிலம் குளங்களால் வாழ்வது. மழை பொழியுங் காலமும் பயிர் நீரை வேண்டுங் காலமும் எப்பொழுதும் ஒன்றாய் அமைவதில்லை. மாரியிற் பெய்த நீரைத் தேக்கி, சிறுபோகத்தில் வேண்டிய அளவு விடுவதே குளத்தின் பயன். ஆயின், கட்டு மட்டும் குளத்தைக் காப்பதில்லை. நீர் செல்லும் வழியை வரையறுக்குந் துருசும் மிகுநீரைப் போக்கும் வானும் அதற்கு இன்றியமையாதன. கணினித் துறையிலும் இதனை ஒத்த அமைப்பொன்று உண்டு. அது செய்தி வரிசை எனப்படும்.

ஒரு கணினி மற்றொன்றிற்கு நேரே செய்தி அனுப்புமாயின், பெறுங் கணினி அக்கணத்தில் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். இரண்டிற்கும் இடையே ஒரு வரிசை அமையுமாயின், அனுப்புவது தன் செய்தியை அதில் இட்டு நீங்கும். பெறுவது தனக்கு இயன்றபோது எடுத்துக்கொள்ளும். இவ்வரிசையைத் தம் கணினிகளில் நடத்தி, இணையத்தின் வழியே பிறர்க்கு வாடகைக்கு அளிக்கும் நிறுவனங்கள் உள. அமேசன் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இச்சேவையை முறையாகத் தொடங்கிற்று. அதில் இட்ட செய்தி, வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, 4 நாள் காக்கப்படும். வேண்டின் 14 நாள்வரை நீட்டலாம். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் 'சேர்விஸ் பஸ்' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இச்சேவைக்கு வழிதிறத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 36 அடியை எட்டும்போது குளம் நிறையும். 2018-ஆம் ஆண்டு டிசெம்பரிற் பெருமழை பொழிந்து அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரம் மக்கள் வெள்ளத்தால் அல்லலுற்றனர். இத்தகைய குளமொன்றின் கட்டில் நீர்மட்டத்தை அளக்குங் கருவி ஒன்று நிறுவப்படுவதாகக் கொள்வோம். அது கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே மும்பாயிலுள்ள செய்தி வரிசைக்கு அளவை அனுப்புகின்றது. கிளிநொச்சி நகரிலுள்ள அலுவலகக் கணினி அதனை எடுத்துத் தாழ்நிலக் கிராமங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றது.

இவ்வரிசையினுள் அயலான் ஒருவன் புகுவானாயின் இரு கேடுகள் விளையும். பொய்யளவை இட்டு மக்களை நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடச் செய்யலாம் என்பது ஒன்று. மற்றையது அதனினுங் கொடிது. வரிசையில் எடுத்து நீக்கப்பட்ட செய்தி மீள வராது. ஆதலின், அவன் மெய்யளவை எடுத்துவிடின் அலுவலகம் ஒன்றும் அறியாது, ஊர் உறங்கும்.

இதனைத் தடுக்கும் காவல் இருவகைத்து. 'நீ யார்?' என வினவுவது முதலாவது. அதற்கு விடையாக மறைச்சாவி காட்டப்படும். 'நீ எவ்வழி வந்தாய்?' என வினவுவது இரண்டாவது; இதுவே வலையமைப்புக் காவல். இத்தகைய சேவைகள் பெரும்பாலும், தொடக்கத்தில், சரியான சாவியுடையார் எவரையும் இணையத்தின் எம்மூலையிலிருந்தும் ஏற்றுக்கொள்ளும். குளக்கட்டிலுள்ள பெட்டியோடு சாவியும் களவு போகுமாயின் முதற்காவல் வீழும். ஆதலால் இரண்டாவது காவலும் வேண்டப்படுகின்றது.

அவ்விரண்டாவது காவலை அமைக்கும் முறைகளுள் எளியது முகவரிப் பட்டியல். குறித்த ஐ. பி. முகவரிகளிலிருந்து வருவோரை மட்டும் ஏற்குமாறு சேவையைப் பணிக்கலாம். முகவரியின் இறுதியில் '/32' என எழுதின் அது ஒரே முகவரியைக் குறிக்கும். '/24' என எழுதின் 256 முகவரிகளுக்கு வாயில் திறக்கும். பட்டியலை எழுதியபின், அதில் இல்லாதாரை மறுக்க என்னும் பொதுவிதியையும் இடுதல் வேண்டும். அஃதின்றேற் பட்டியல் வெறும் எழுத்தாகவே நிற்கும். கைத்தொலைபேசி வலையமைப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. அங்கே பல வாடிக்கையாளர் ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்து வழங்குவர், அம்முகவரியும் மாறும். அதனைப் பட்டியலிற் சேர்த்தால் அயலாரும் நுழைவர்; மாறிய அன்றோ நம் கருவியே வாயிலில் மறிக்கப்படும். நிலையான முகவரியைப் பெறுதல் இதற்கு ஒரு பரிகாரம்.

மற்றைய முறை தனிவழி. மேகக் கணிமையில் அலுவலகத்திற்கெனத் தனி வலையமைப்பொன்றை அமைத்து, அதனுள் வரிசைக்கு ஓர் அகமுகவரி அளித்து, பொதுவாயிலை முற்றாக மூடுவது அது. கருவியும் அலுவலகமும் மறைகுறியாக்கிய சுரங்கவழி ஒன்றினால் அவ்வலையமைப்பை அடையும். இங்கே பலர் இடறுவது பெயரில். சேவையின் பெயரைக் கேட்டவுடன் பெயர்ச் சேவையகம் பழைய பொதுமுகவரியையே காட்டுமாயின், கணினி மூடிய வாயிலிற் போய் முட்டும். ஆகவே அப்பெயர் அகமுகவரியைச் சுட்டுமாறு திருத்துதல் வேண்டும்.

அலுவலகத் தீச்சுவரையும் மறத்தலாகாது. சேர்விஸ் பஸ் பெரும்பாலும் 5671 என்னுந் துறையை நாடும். அது அடைபட்டவிடத்து 443-ஆந் துறைவழிச் செல்லுமாறு அமைக்கலாம்.

எம்முறையைக் கைக்கொள்ளினும் வேலையின் ஒழுங்கு ஒன்றே. முதலிற் செய்தி இடுவோர், எடுப்போர், பராமரிப்போர் யாவரையும் கணக்கெடுத்தல். அடுத்து ஒவ்வொருவர்க்கும் வழி வகுத்தல். பின்னர் அவ்வழியிற் செய்தி சென்று வருவதைச் சோதித்தல். இறுதியாகவே ஏனைய வழிகளை மூடுதல். முதலில் மூடிவிட்டுப் பின்னர் வழி தேடுவோர் தம்மையே புறத்தே நிறுத்திக்கொள்வர். மூடியபின் பட்டியலில் இல்லாத இடமொன்றிலிருந்து முயன்று, மறுப்புக் கிடைப்பதையும் உறுதி செய்தல் வேண்டும். வழியில் தொடர்பு அறுமாயின் அளவுகள் அழியாவண்ணம், கருவியும் அவற்றைத் தன்னகத்தே சேமித்து மீள அனுப்புதல் நன்று.

காவல் என்பது அடைத்தல் மட்டுமன்று. உரியதை உரிய நேரத்திற் செல்லவிடுதலும் காவலே. யாவர்க்குந் திறந்த வரிசை பொய்க்கு இடந்தரும். கண்மூடி அடைத்த வரிசை மெய்யை மறிக்கும். வான்கதவு எளிதிற் திறக்குமா என்பதை வெள்ளம் வந்தபின் ஆராய்வார் இலர். செய்தி வரிசையின் வாயிலையும் மாரிக்கு முன்னரே திறந்தும் மூடியும் பார்த்துவைத்தலே அறிவுடைமை.