தயிருக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்?

“தயிர் சாதமா? மூளை மந்தமாயிடும் சார்!” என்று லஞ்ச் டைமில் கலாய்க்கும் ஆசாமி எல்லா ஆபீஸிலும் உண்டு. அவருக்கு ஒரு சேதி!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு 10 வாரம் தயிர், கிம்ச்சி மாதிரி புளித்த அயிட்டங்கள். இன்னொன்றுக்குப் பழம், காய்கறி, பயறு. 2021-ல் ரிசல்ட். தயிர் கோஷ்டியின் ரத்தத்தில் அழற்சியோடு சம்பந்தப்பட்ட 19 புரதங்கள் குறைந்திருந்தன. பழ கோஷ்டிக்கு அதில் ஒன்றுகூடக் குறையவில்லை!

அழற்சி என்பது உடம்பு கிருமியோடு போடும் சண்டை. கிருமி போன பிறகும் சண்டை ஓயாவிட்டால் வம்பு. மூளையையும் அது விடாது.

அப்போ பழம் வேஸ்ட்டா? அவசரப்படாதீங்க. 70 வயது தாண்டிய 16,000 நர்ஸம்மாக்களை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூளைக்கு வயசாவது இரண்டரை வருஷம் வரை தள்ளிப்போனதாக 2012-ல் சொன்னார்கள். ப்ளூபெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் நம்ம நாவல் பழத்திலும் உண்டு.

கலிஃபோர்னியாவில் 2013-ல் இன்னொரு கூத்து. நாலு வாரம் ப்ரோபயாட்டிக் தயிர் சாப்பிட்ட பெண்களின் மூளை ஸ்கேனில், உணர்ச்சியைக் கவனிக்கும் பகுதிகளின் பரபரப்பு குறைந்திருந்தது. ஆனால் செலவை ஏற்றது ஒரு தயிர் கம்பெனி. இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!

ஒன்று கவனித்தீர்களா? மூன்றுமே சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி, கேப்ஸ்யூலைப் பற்றியதல்ல. ‘ஞாபகசக்திக்கு’ என்று டப்பாவில் அடைத்து விற்றால் பர்ஸைத் திறக்குமுன் யோசியுங்கள். டிபன் பாக்ஸைத் தாராளமாகத் திறக்கலாம்!